ரப்பர் பேண்டு போட்ட நன்னாரி பாட்டில்

என் மனைவியின் கைப்பக்குவத்தைக் கெடுத்தவன் நான்தான். அதோடு நிற்கவில்லை, கோளாறு உன் கையில்தான் என்று அவளையே நம்பவும் வைத்தேன்.

இதை அவளிடம் சொல்லத் துணிவில்லாமல் உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எத்தனை சௌகரியம், பாருங்கள்!

ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்றால் பக்கத்தில் பெரிய பாட்டில் கூல் டிரிங்க்ஸ் இருந்தாக வேண்டும். மகளைக் கல்லூரியில் சேர்த்த வருடம் செலவு கையைக் கடித்தது. "இனிமேல் கடைக் கலர் இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்று அறிவித்தவன் நான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்!

என் மனைவி கலைச்செல்வி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். நன்னாரி வேர் வாங்கி வந்து, தட்டி ஊறவைத்து, சர்க்கரைப் பாகில் காய்ச்சிப் பழைய ஜூஸ் பாட்டில்களில் நிரப்பினாள். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் பாகு, அரை மூடி எலுமிச்சை... வீடே மணந்தது.

அக்கம்பக்கத்தாரும் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அதுவரை இன்னார் பெண்டாட்டி என்றே அறியப்பட்டவள் 'நன்னாரி கலை' ஆனாள். அப்படிக் கூப்பிடும்போது அவள் முகத்தில் வந்த பூரிப்பை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நான்? அந்தக் கறுப்புக் கலரின் சுருக்கென்ற காரம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து, கடையில் வாங்கியதை ஒரு நன்னாரி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் வைத்தேன். இரண்டும் ஒரே நிறம்தானே! அடையாளத்துக்குக் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டு; அது போட்ட பாட்டில் என் பங்கு என்று அவளிடம் சொல்லியும் வைத்தேன். நுரை தெரியாமல் எவர்சில்வர் டம்ளரில் குடித்துவிட்டு, "நன்னாரின்னா இதான் நன்னாரி!" என்று அவளைப் பாராட்டியும் இருக்கிறேன். சீ! என்ன பிழைப்பு!

எதிர் பிளாக் தேவகியக்காவின் மகளுக்கு வளைகாப்பு வந்தது. இருந்த பாட்டில்களையெல்லாம் கலை வாரிக் கொடுத்துவிட்டாள். என் பாட்டிலும் அதில் போய்விட்டது. கறிவேப்பிலைக் கவரைக் கட்டுவதற்காக முந்தின நாளே அதன் ரப்பர் பேண்டைக் கழற்றியிருக்கிறாள்.

நான் டியூட்டி முடிந்து வந்தபோது தேவகியக்கா எங்கள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாத்த கலந்த கலை இதுல? தண்ணி ஊத்துனா பொங்கிக்கினு வருது! எம் பொண்ணு மொத ஆளா குட்ச்சிட்டா. வாயும் வயிறுமா கீறவளுக்கு எதனா ஒண்ணு ஆச்சுன்னா?"

கலை என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, எப்பவும் போலத்தானே காய்ச்சினேன்?"

அது நான் வாங்கிய கலர் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது! ஆனால் கடைக் கலரைத் தடை செய்த வீராதி வீரன் தேவகியக்காவுக்கு முன்னால் எப்படித் தலைகுனிவான்? என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"பாட்டில்ல ஈரம் இருந்திருக்கும். புளிச்சுப்போனா நுரைக்கத்தான் செய்யும்."

அவள் நம்பினாள். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை நம்பிப் பழகியவள். தேவகியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுப்பில் ஆறிக்கொண்டிருந்த புதுப் பாகைச் சிங்க்கில் கொட்டினாள். அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆகும்வரை செவ்வாய்தோறும் பட்டினி கிடந்தாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பிறக்காமல் என்ன! அந்தப் பெண் குடித்தது வெறும் கடைக் கலர்தானே... அதைத் தெரிந்த ஒருவன் இவள் பக்கத்திலேயே வயிறார உண்டு உறங்கினான். பட்டினியை நிறுத்து என்று சொல்ல எத்தனை முறை வாயெடுத்திருப்பேன்! எடுத்தேன், மூடினேன்.

அவள் அதன் பிறகு நன்னாரி வேரைத் தொடவில்லை. ஊறுகாய் போடுவதையும் விட்டுவிட்டாள். "என் கைக்கு எதுவும் தாங்க மாட்டேங்குதுங்க" என்கிறாள். 'நன்னாரி கலை' என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

போன ஞாயிறு அவளே கடைக்குப் போய்ப் பெரிய பாட்டில் வாங்கி வந்தாள்.

"பாவம், வீட்டுக்காக ஆசைய அடக்கிக்கிட்டு இருந்தீங்க. குடிங்க."

கண்ணாடி டம்ளரில் ஊற்றினாள். நுரை விளிம்புவரை எழும்பியது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு என் நன்னாரியும் இப்படித்தான் பொங்கியிருக்கும், இல்லைங்க?"

"ஆமாம்" என்றேன்.

குடித்து முடித்தேன். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டாள்... டம்ளரை நீட்டினேன்.