புழுப்பெட்டிக்கு ஒரு கட்டுப் பேப்பர்

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியை நான். கண்டியில் இராணுவத்தினர் தமிழ் வீடுகளை அடிக்கடி சோதனை போட்டார்கள். அந்த நாட்களில்தான் என் மகள், சமையலறைக் கழிவை உரமாக்க மண்புழுப் பெட்டி வைத்தாள். அடியில் இலைகளைப் பரப்பினோம். புழுக்கள் தங்காமல் மூடிவரை ஏறிவந்தன.

“அம்மா, பேப்பரைக் கிழிச்சு நனைச்சுப் போடுவம். இல்லாட்டி எல்லாம் செத்துப்போகும்.”

வீட்டில் இருந்தவை தமிழ்ப் பத்திரிகைகள் மட்டுமே. கிழித்த தமிழ்த் துண்டுகளைக் கண்டால், எதையோ அழித்து மறைக்கிறோம் என்று நினைப்பார்களே!

“வேண்டாம் பிள்ளை, பெட்டியை எறி” என்றேன். அவள் அழுதாள்.

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் சோமா அக்கா, ஒரு கட்டுச் சிங்களப் பத்திரிகையோடு வந்தார்.

“மிஸ், இதைப் போடுங்க. கேட்டா நான் தந்தது சொல்லுங்க” என்றவர், மகளோடு உட்கார்ந்து தானும் கிழித்தார்.

மறுநாள் சோதனைக்கு வந்த சிப்பாய் மூடியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்துப் படித்தார். புழு ஒன்று அவர் விரலில் ஏறியது. “சிக்!” என்று கையை உதறி, சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்கு என்ன பயம் என்று சோமா அக்கா கடைசிவரை கேட்கவில்லை. இன்றும் பெட்டிக்குப் பேப்பர் கிழிக்கும்போது, அது எந்த மொழி எழுத்து என்றுதான் என் கண் முதலில் பார்க்கிறது. பிறகு அவரை நினைத்துக்கொண்டு, கையில் இருப்பதையே கிழித்துப் போடுகிறேன்.