பட்டினத்து மாப்பிள்ளை

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. முப்பது வருஷமாக நான் 'பட்டினத்து மாப்பிள்ளை'. திருமலைராயன்பட்டினம் அப்படியொன்றும் தூர தேசமில்லை. பஸ்ஸில் ஏறி வேர்வையைத் துடைப்பதற்குள் காரைக்கால் வந்துவிடும். ஆனாலும் கல்யாணமாகி இங்கே வந்த அன்று ஒட்டிய பெயர், தலை நரைத்தும் உதிரவில்லை. பட்டினத்துக்குப் போனாலோ, அங்கே நான் 'காரைக்கால்காரர்'.

எங்கள் ஆட்களில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனதும் ஆண்தான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வரவேண்டும். நான் பிறந்த வீடு என் லாத்தாவுக்குப் போனது. கூடப்பிறந்த அக்காவே ஆனாலும், போனால் முதலில் ஜூஸ் கொடுப்பாள். நான் வந்த வீடு, என் மனைவிக்கு அவளுடைய உம்மா கொடுத்தது. வேறு ஊரில் ஒருவனை 'வீட்டோடு மாப்பிள்ளை' என்றால் சண்டைக்கு வருவான். இங்கே அதில் ஒரு குறைச்சலும் இல்லை. மற்ற ஊர்ப் பெண்கள் கணவனை 'எங்க வீட்டுக்காரர்' என்பார்கள். என் மனைவி ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. பொய் பேசிப் பழக்கமில்லாதவள்.

துபாயில் இருந்த காலம் முழுக்க, இரண்டு பிள்ளை பெற்ற என்னை 'பேச்சிலர்' என்றார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அறைக்கு ஆறு பேராகத் தங்குகிறவனுக்கு அங்கே அதுதான் பெயர். லீவில் வந்தால் மறுபடி மாப்பிள்ளை. வாசலில் நின்று தொண்டையைச் செருமுவேன். பெண்கள் நிறைந்த வீட்டில் சத்தம் கொடுக்காமல் நுழைவது மரியாதை இல்லை. உள்ளேயிருந்து மாமியார், "வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க" என்பார். கண்ணாடி அலமாரியிலிருந்து பூப்போட்ட பீங்கான் தட்டு இறங்கும். அதில் வேறு யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மாமியார் காலமாகிவிட்டார். மகன் நாகூருக்கு மாப்பிள்ளையாகப் போய்விட்டான். நானும் வேலையை விட்டு ஊரோடு வந்து நாலு வருஷம் ஆகிறது. மனைவியும் மகளும் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் அப்புறமும் செருமிக்கொண்டுதான் நுழைவேன். "யாரு, போலீஸா?" என்று மகள் கேலி செய்வாள். ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தால் பீங்கான் தட்டுதான் வரும்.

போன வருஷம் மகளுக்கு நிக்காஹ் முடிவானது. முறைப்படி வீட்டை அவள் பெயருக்கு எழுதினோம். சந்தோஷமாகத்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து திரும்பி வரும் வழியில்தான் அந்த யோசனை வந்தது. மனைவிக்குக் கவலையில்லை, அவள் பிறந்து வளர்ந்த வீடு, யார் பெயரில் இருந்தால் அவளுக்கென்ன? எனக்கு இந்த வீட்டில் இருந்தது மாப்பிள்ளை என்கிற பெயர் ஒன்றுதான். அதற்கும் ஆள் வந்துவிட்டால் நான் இங்கே யார்? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாடி அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கீழே பின்னறைக்கு வந்தோம். துபாய் பெட்டியில் என் சட்டைகளை அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தேன். நிக்காஹ் முடிந்து நாலு நாள் புது மாப்பிள்ளையைத் 'தம்பி' என்றே கூப்பிட்டேன். மாப்பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் பாவம், வாசலில் நின்று செருமுவார். நான் பின்னறையிலேயே இருந்துவிடுவேன்.

வியாழக்கிழமை மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "லாத்தா வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமா?"

"ஏன், இங்க யாரும் எதுவும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலையில் பெட்டியை இழுத்தால் கனத்தது. திறந்து பார்த்தேன். கல்யாணத்துக்கு வந்த தலையணை உறைகளும் போர்வைகளும் திணித்துக் கிடந்தன. என் சட்டைகள் அவளுடைய அலமாரியில், அவள் புடவைகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று ஜும்ஆ தொழுதுவிட்டு நான் முதலில் வந்துவிட்டேன். நல்ல பசி. பீங்கான் தட்டு புது மாப்பிள்ளைக்காக மேசையில் துடைத்து வைத்திருந்தது. மனைவி ஒரு எவர்சில்வர் தட்டை என் கையில் கொடுத்தாள். விளிம்பில் நெளிந்தது, தினமும் அவள் சாப்பிடுகிற தட்டு.

"மீன் ஆணம் அடுப்புல இருக்கு. போய் எடுத்துப் போட்டுக்குங்க. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

முப்பது வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். கரண்டி எங்கே இருக்கும் என்றுகூடத் தெரியவில்லை. தேடி எடுத்து, ஆணத்தை ஊற்றப் போகும்போது வாசலில் தொண்டை செருமும் சத்தம் கேட்டது.

"வாசல்ல யாருன்னு பாருங்களேன்" என்றாள் மனைவி, எண்ணெயில் பொரியும் அப்பளத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கரண்டியும் கையுமாகப் போனேன். செருப்பை எங்கே விடுவதென்று தெரியாமல், நான் முப்பது வருஷம் நின்ற அதே இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை, உள்ள வாங்க" என்றேன்.