சுண்ணாம்பு சார் மகளின் கடைவாய்ப் பல்

பதினாலு வருடமாக அவர் குழந்தைகளின் உதட்டைத் தூக்கிப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறார். குழந்தைகளுக்கான பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. டாக்டரம்மா வருவதற்குள் பிள்ளையை நாற்காலியில் உட்கார வைத்து, உதட்டைத் தூக்கி, காற்றடித்துப் பல்லை உலர்த்தி, சாக்பீஸ் தடவியது போல எங்காவது வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால், பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால், பல்லைச் சுத்தமாக வைத்துக் கால்சியம் கிரீம் தடவித் தடவியே போனதைத் திரும்பக் கொண்டுவரலாம். குழி விழுந்துவிட்டால் எந்தக் கிரீமாலும் ஒன்றும் ஆகாது. சுண்ணாம்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னதில் அவருக்குச் சுண்ணாம்பு சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வாய் சும்மா இருக்காது அவருக்கு. பெற்றோர்களைக் கண்டால் பிடிபிடியென்று பிடித்துக்கொள்வார். "சுவர்ல காரை உதிரும்போதே பூசணும்மா. இடிஞ்சு விழுந்தப்புறம் வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்? மிட்டாயையும் நீங்களே கொடுப்பீங்க, பல்லு போச்சேன்னு நீங்களே அழுவீங்க!" ஒருமுறை ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அன்று ராத்திரி அதை மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார் மனுஷன். இப்போது அதை நினைத்தால் காது மடல் சுடுகிறது.

மனைவிக்குத் துணி ஆலையில் மதிய ஷிப்ட். ஆறு வயது மகளை நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, மாடி வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, அவர் மறுபடி வேலைக்கு ஓட வேண்டும். கிளம்பும்போது மகள் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். அழுகையை நிறுத்த ஒரு டாஃபி. சில நாள் இரண்டு. போகப்போக, அழாத நாளிலும் அவரே சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் உதடு பிதுங்குவதற்குள் படி இறங்கிவிடலாம் அல்லவா? பல்லில் ஒட்டினால் நாக்கால் துழாவினாலும் வராத டாஃபி அது. அதுவும் அவருக்குத் தெரியும். தெரியாமல் செய்தார் என்று சொல்ல நமக்கு வழியே இல்லை.

அதற்கு அவர் ஒரு பரிகாரமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். மருத்துவமனைக்குச் சாம்பிளாக வரும் கால்சியம் கிரீமைக் காலையில் அவசர அவசரமாக மகளின் முன்பற்களில் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். 'நம்ம பிள்ளைக்கு என்ன குறைச்சல்' என்று நினைத்துக்கொண்டு செருப்பை மாட்டுவார். ஊர்ப்பிள்ளைகளின் உதட்டையெல்லாம் தூக்கிப் பார்த்தவர், வீட்டுப் பிள்ளையின் உதட்டை ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ரொட்டியைக் கடித்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ஜன்னல் பக்கம் திருப்பி வாயைத் திறக்கச் சொன்னார். கீழ் வரிசையில் ஒரு பால்பல் பாதிக்கு மேல் குழிந்து கிடந்தது. அதற்குப் பின்னால் அப்போதுதான் முளைத்திருந்த கடைவாய்ப் பல். அது விழுந்து முளைக்கிற பல் இல்லை, ஆயுசுக்கும் அது ஒன்றுதான். அதன் ஓரத்திலும் வெள்ளைத் திட்டு.

எந்த முகத்தோடு தன் மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது? மறுநாள் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, ஊரின் அடுத்த கோடியில் இருந்த ஒரு பல் டாக்டரிடம் போனார். வழுக்கைத் தலை, கண்டிப்பான பேச்சு.

"என்ன வேலை பாக்கிறீங்க?"

"தையல் கடை சார்."

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

டாக்டர் காற்றடித்து, கண்ணாடியை விட்டுப் பார்த்தார். "பால்பல்லை அடைச்சிடலாம். பின்னாடி இருக்கிறதுதான் முக்கியம். இன்னும் குழி விழல. சுத்தமா வச்சு, கால்சியம் கிரீம் விடாம போட்டா காப்பாத்திடலாம். ஆனா இனிப்பு நிக்கணும். இல்லன்னா இதுவும் போயிடும். யாரு கொடுக்கிறது இவளுக்கு?"

பதினாலு வருடம் ஓயாத வாய் திறக்கவில்லை. நான்தான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்குப் பதில் டாஃபி இருந்த சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்.

"யாரும் தரல" என்றாள் மகள். "நானே எடுத்துத் தின்னுடுவேன். அப்பாவுக்குத் தெரியாது."

"பாத்தீங்களா!" டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "திருட்டுத்தனமா தின்னா பல்லு எப்படி இருக்கும்? வெக்கமா இல்ல? அப்பா எவ்வளவு அக்கறையா கூட்டிட்டு வந்திருக்காரு, பாரு. சார், இனிமே மிட்டாய் டப்பாவைப் பூட்டி வைங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

அவர் தலையாட்டினார். ஆமாம், ஆட்டினார். சொல்லும்போது நமக்கே கூசுகிறது. மகள் தலையைக் குனிந்து கவுன் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

பல்லை அடைத்து முடித்துப் படி இறங்கி, பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். மருந்தில் கன்னம் மரத்துப்போயிருந்ததால் அவளுக்குப் பேச்சு குழறியது.

"நீங்க தையல் கடைன்னு சொன்னீங்கல்ல. அப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு, உண்மைய சொல்லக்கூடாதுன்னு. நான் சரியா சொன்னேனாப்பா?"

பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அந்தப் படிகளில் ஏறினார். கூடத்தில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவைத் திறந்தார்.

"சார், டாஃபி கொடுத்தது நான்தான். தினமும். அவ எதையும் திருடல." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "தையல் கடையும் இல்ல. பல் ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்கிறேன்."

"எந்த ஆஸ்பத்திரி?"

பல் டாக்டர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் சொன்னார்.

டாக்டர் மகள் பக்கம் கையைக் காட்டினார். "இதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? திட்டு வாங்கினது அவ."

அத்தனை பேர் முன்னாலும் அவர் மகளுக்கு எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தார். "நீ ஒரு தப்பும் பண்ணலடா. தப்பு பூரா அப்பா பண்ணினது."

அவள் அவரை நம்பவில்லை. தன் மேல் தப்பில்லை என்பது உண்மைதானா என்று கேட்பதைப் போல டாக்டரைப் பார்த்தாள்.