தரையில் படாத கால்

என் கால் தரையில் படவில்லை. பதினேழு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கத்தான் ஆள் இல்லை. அந்தமானில் எங்கள் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து நடத்திய பொங்கல் விளையாட்டில் ஸ்லோ சைக்கிள் போட்டி. கடைசியாக வந்து சேருகிறவனுக்கு ஹாட்பாக்ஸ் பரிசு. கோட்டுக்கு நாலு முழம் இருக்கும்போது நடுவராக நின்ற முத்துகிருஷ்ணன் சார் விசில் ஊதி என் இடது காலைச் சுட்டிக் காட்டினார். "குழந்தை, கால் பட்டுருச்சு. அவுட்." பட்டது செருப்பு வார், கால் இல்லை என்றேன். "செருப்ப வீட்டுல விட்டுட்டா வந்த? உன் கால்லதானப்பா இருந்துச்சு" என்றார். மைதானமே சிரித்தது. என் வீட்டுக்காரி சந்திரமதி சப்பாத்தி சுடும்போதெல்லாம் அந்த ஹாட்பாக்ஸைப் பற்றி இன்றைக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவதில்லை.

என் முழுப் பெயர் குழந்தைவேலு. வயது ஐம்பத்திரண்டு. ஐந்தாவதோடு படிப்பு முடிந்தது. போர்ட் பிளேரில் பத்துபஸ்தி என்கிற பேட்டையில் சாமான் ஏற்றுகிற ஆட்டோ ஓட்டுகிறேன். மீசை நரைத்த ஆளைக் கிராக்கிகள் முன்னால் 'குழந்தை, குழந்தை' என்று கூப்பிடுவது முத்துகிருஷ்ணன் சார் ஒருவர்தான்.

அவர் பரமக்குடிப் பக்கத்துக்காரர். எண்பத்து நாலில் கப்பலேறி வந்து சர்க்கார் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலையில் சேர்ந்து, அதிலேயே ரிட்டயர் ஆனார். ஒல்லியான, நெட்டையான மனிதர். சைக்கிள் எடுக்கும்போது பேன்ட் கால் செயினில் மாட்டாமலிருக்கத் துணி காயப்போடுகிற கிளிப் இரண்டைக் கணுக்காலில் மாட்டிக்கொள்வார். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். பெடலைப் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு அதே கட்டைவிரலால் பெல்லை ஒரே ஒரு தரம் அடிப்பார். அடித்தால் புறப்பட்டாயிற்று என்று அர்த்தம். வழியில் மாடு நின்றாலும் பஸ் நின்றாலும் பெல்லைத் தொட மாட்டார். "பெல்லு நம்மளுக்குப்பா, ஊருக்கு இல்ல" என்பார்.

போர்ட் பிளேரில் சைக்கிள் ஓட்டுகிறவனைப் பாதிப் பைத்தியம் என்பார்கள். ஏறினால் மேடு, இறங்கினால் பள்ளம், நடுவில் சமதரை என்பதே அபூர்வம். இவரோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று சைக்கிளில் கிளம்புவார். வேலைக்கும் இல்லை, கடைக்கும் இல்லை, சும்மா. முன்னால் இவர், நடுவில் மகள் கார்த்திகா, கடைசியில் நீலாவதி அக்கா. அக்கா சேலைக்கு மேல் இவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார். மின்னி பே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு வடை தின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள். "மெயின்லேண்ட்ல சொந்தம் பாக்கப் போவாங்க. இங்க நமக்கு யாரு இருக்கா? கடலத்தான் பாக்கணும்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் காலி வண்டியோடு மேடேறிக்கொண்டிருந்தேன். கார்த்திகாவுக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். மிதிக்க முடியாமல் என் வண்டியின் பின்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒய்யாரமாக மேலே வந்துவிட்டது. சார் வியர்த்து வழிந்து வந்து சேர்ந்தார். முதல் வசவு எனக்கு. பிறகு பிள்ளையைப் பார்த்து, "கீழ போ. மறுபடி ஏறி வா. முடியலைன்னா எறங்கித் தள்ளு, அது தப்பில்ல. ஓட்டாம ஓட்டுன மாதிரி வரக் கூடாது" என்றார். பிள்ளை அழுதுகொண்டே இறங்கிப் போய், அழுதுகொண்டே தள்ளிக்கொண்டு வந்தது. அக்கா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. சரியான கல் நெஞ்சுக்காரன் என்று நானும் நினைத்தேன்.

அந்தப் பிள்ளை படித்து, கல்யாணமாகி, நெதர்லாந்துக்குப் போய்விட்டது. அங்கே ஊரே சைக்கிள்தானாம். "மேடே கிடையாதாம்ப்பா. சப்பாத்திப் பலகை மாதிரி ஊரு. அதுல ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டா?" என்று என்னிடம் கேலி செய்வார். குரலில் பெருமை தாங்காது. கடலுக்கடியில் கேபிள் வந்து போனில் முகம் தெரிய ஆரம்பித்ததும் அப்பாவும் மகளும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஞாயிறு மத்தியானம் மூன்றரை, அங்கே காலை பதினொன்று. இரண்டு பேரும் ஹேண்டில்பாரில் போனை மாட்டிக்கொண்டு, அவரவர் ஊரில், ஒரே நேரத்தில் சைக்கிள் ஓட்டுவார்கள். பேத்தி ரூபா மகளின் சைக்கிளில் முன்னால் ஒரு பெட்டியில் உட்கார்ந்துகொண்டு "தாத்தா, கடல் காமி" என்று கத்தும். இவர் போனைத் திருப்புவார். டிசம்பர் என்றால் ஐந்து மணிக்கே இங்கே இருட்டிவிடும். "எங்களுக்கு ஓவரும்மா, சலோ" என்று சொல்லி, வீட்டு வாசலில் பெல்லை ஒரு தரம் அடித்து முடிப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன் நீலாவதி அக்கா தவறிப்போனார். கார்த்திகா வந்து, அப்பாவைத் தனியாக விட்டுப் போக மனசில்லாமல் ஐம்பது நாள் இருந்தது. அங்கே வேலை போய்விட்டது. மருமகனுக்கு நிலையான வேலை இல்லை, அந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியே இவளுடைய வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எப்படியோ அலைந்து வேறு வேலை பிடித்தாள். அந்த மாசங்களில் சார் அரை ஆளாகிவிட்டார். "குழந்தை, இனி எனக்கு என்ன ஆனாலும் அது கிளம்பி வரக் கூடாது. வந்தா அது குடும்பமே தெருவுல நிக்கும்" என்றார்.

போன ஆகஸ்டில் அவருக்கு வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது நான்தான். வாய் கோணவில்லை, பேச்சுத் தப்பித்தது. மகளிடம் மழை என்று சொன்னார். எங்கள் ஊர் மழை பொய்க்குத் தோதான மழை, மாசக்கணக்கில் பெய்யும். "இன்னைக்கும் மழைம்மா, ரோடே தெரியல" என்று கட்டிலில் உட்கார்ந்தபடி வாரா வாரம் சொன்னார். டிசம்பரில் மழை விட்டது. கார்த்திகா அங்கிருந்தே போனில் வானிலை பார்க்கிற பெண். "அப்பா, நல்ல வெயில்னு போட்டிருக்கே?" என்றாள்.

மறுநாள் கோலை ஊன்றிக்கொண்டு என் வண்டியருகே வந்து நின்றார்.

"சைக்கிள வண்டியில ஏத்தணும்."

"எங்க இறக்கணும் சார்?"

"எங்கயும் எறக்க வேணாம். அது மேல நான் உக்காந்திருப்பேன். நீ மின்னி பே வரைக்கும் மெதுவா ஓட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

சிலிண்டர் கட்டுகிற கயிற்றால் சைக்கிளை வண்டித் தட்டில் நிறுத்திக் கட்டினேன். பெடல் லேசாகச் சுற்றட்டும் என்று செயினைக் கழற்றினேன். இழுத்துக்கொண்ட கால் பெடலில் நிற்காததால் துண்டால் சேர்த்துக் கட்டினேன். கிளிப் இரண்டையும் மறக்காமல் மாட்டிக்கொண்டார். போனில் பார்த்தால் அவர் முகம், பின்னால் வானம், நகர்ந்து போகிற கடல். அவ்வளவுதான் தெரியும். மீன் விற்கிற பெங்காலி ஒருவன் எங்களைப் பார்த்துவிட்டு, "அரே தாதா, சர்க்கஸ் ஆயா க்யா?" என்று, ஊருக்குச் சர்க்கஸ் வந்துவிட்டதா என்கிற மாதிரி கத்தினான். சார் காதில் வாங்காதவர் மாதிரி மகளிடம் பேசிக்கொண்டே வந்தார். மேடு வந்ததும் மூச்சு வாங்குகிற மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறக்கி விடும்போது வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. "என் வண்டிக் கம்பியப் பிடிச்சதுக்குப் பிள்ளையத் திருப்பி இறக்கி விட்டீங்களே சார், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கிறேன். நீ கயித்த அவுரு."

பத்து ஞாயிற்றுக்கிழமை இப்படி ஓடியது.

இப்போதைய நிலைமையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி கடைசியில் குளியலறையில் அவருக்கு இரண்டாவது தடவையும் வந்தது. பேச்சு போய்விட்டது. இதற்கு மேலும் மறைக்க முடியாமல் நான்தான் போன் போட்டுச் சொன்னேன். எது நடக்கக் கூடாது என்று அத்தனை பாடுபட்டாரோ அதுதான் நடந்தது. கார்த்திகா வேலையை விட்டுவிட்டுப் பேத்தியோடு வந்துவிட்டாள். கட்டிலோரம் உட்கார்ந்து கஞ்சியைக் கரண்டியால் கொடுக்கிறாள். "ஆறு மாசம், அங்கிள். ஒரு வார்த்தை சொல்லலையே" என்று என்னைக் கேட்டாள். நான் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தேன். சாருடைய வலது கட்டைவிரல் மட்டும் கட்டில் சட்டத்தை அழுத்துகிறது, விடுகிறது, அழுத்துகிறது. டாக்டர் நரம்பு என்கிறார். இருக்கலாம். டாக்டருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தெரியாது.

இரண்டாவது தடவை வருவதற்குப் பதினோரு நாள் முன்னால் வந்த ஞாயிறு அது. பேத்தி அன்றைக்கு முதல் தடவையாக, பக்கத்துக் குட்டிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, இரண்டே சக்கரத்தில் ஓட்டிக் காட்டப் போகிறது என்று மகள் சொல்லியிருந்தாள். வழக்கம்போலச் சைக்கிளை ஏற்றிக் கட்டி மின்னி பே வரைக்கும் வந்துவிட்டேன். போன் இன்னும் அடிக்கவில்லை. சார் தட்டிலிருந்து, "எறக்கு" என்றார்.

"என்னது?"

"சைக்கிள எறக்கு. செயின மாட்டு."

"விழுந்தா என்ன சார் ஆகும்? கால ஊனக்கூட முடியாது, கட்டியிருக்கு."

"ஊனக் கூடாதுன்னுதானப்பா கட்டியிருக்கு. அந்தப் பிள்ள நெசமா ஓட்டுது. அதுக்கு முன்னாடி நான் வண்டி மேல உக்காந்து ஓட்டுறதா? போதும்ப்பா."

எனக்குக் கோபமும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. இறக்கினேன். கடலோரத்தில் நூறு நூற்றைம்பது அடிக்கு மேடில்லாத துண்டு ஒன்று உண்டு. அங்கே செயினை மாட்டி நிறுத்தி, அவரை ஏற்றி உட்கார வைத்து, இடது காலை மறுபடி பெடலில் கட்டினேன். கிளிப் இரண்டையும் நானே மாட்டிவிட்டேன். அவர் குனிய முடியாமல் டயரைக் காட்டினார். அதையும் அமுக்கிப் பார்த்தேன்.

"பின்னால கேரியரப் பிடிச்சுக்க. போன்ல தெரியாம குனிஞ்சு வா. பெல்லு ஒரு தரம் அடிச்சா கைய எடுத்துரு. ரெண்டு தரம் அடிச்சா பிடிச்சுக்க. புரியுதா குழந்தை?"

"அடிக்காமலே போங்க சார். நான் பிடிச்சுக்கிட்டே வர்றேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"உனக்குத் தெரியுமுல்ல" என்றார்.

போன் அடித்தது. இவர் மிதித்தார். வலது காலே இரண்டு காலுக்கும் மிதித்தது. இடது கால் துண்டுக்குள் கட்டுண்டு கூடவே சுற்றியது. நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோக்காரன் முதுகு அன்றைக்கே ஒடிந்துவிடும் என்கிற மாதிரி குனிந்து ஓடினேன். சைக்கிள் என் கையில் இடமும் வலமும் துள்ளியது. போனிலிருந்து பேத்தியின் குரல் காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது. "அம்மா, விடு! அம்மா, விட்டுரு!" அங்கேயும் யாரோ பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். "விட்டுட்டேன்டி, ஓட்டு, ஓட்டு!" என்று கார்த்திகா கத்தினாள். இவர் முதுகு நிமிர்ந்தது.

பெல் ஒரு தரம் அடித்தது.

கையை எடுத்தேன். எடுத்த கையை மூடாமல், இன்னொரு தரம் அடிப்பார் அடிப்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினேன்.