மீந்த மாத்திரைகள்

பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கித் தூக்கிப் பிடரி காய்த்துப்போனவர். மூச்சிரைக்கும் மனைவியைத் தென்காசிக்கு, நான் நர்ஸாக இருக்கும் மருந்து ஆராய்ச்சிக்குக் கூட்டி வருவார். அந்த அம்மா உட்காருமுன் துண்டால் நாற்காலியைத் துடைத்துவிடுவார். பாதிப் பேருக்குப் புது மருந்து, மற்றவர்களுக்குப் பார்க்க அதேபோல் இருக்கும், மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது என்பதைச் சொல்லித்தான் சேர்த்திருந்தோம்.

அந்த அம்மா இறந்தபின், ஒரு சாரல் நாளில், மீந்த மாத்திரைகளைத் திருப்பித் தர வந்தார். பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைத் துடைத்தார்.

"சிஸ்டர், அவளுக்குக் குடுத்தது மருந்தா, வெறும் மாத்திரையா?"

"இன்னும் தெரியாது அண்ணாச்சி."

"வெறும் மாத்திரையாவே இருக்கட்டும். மருந்தா இருந்தா, அது கேக்கலன்னு ஆயிரும்லா. இப்படின்னா மத்தவங்களுக்காவது கேக்கும்லா."

அப்படியென்றால், மருந்து கிடைத்திருந்தால் அந்த அம்மாவும் பிழைத்திருக்கலாம். அது தெரிந்தேதான் சொன்னாரா?