டீலியா பூச்சி பார்க்கிறாள்

தபால் வண்டியை நடுச்சாலையில் நிறுத்தி, எஞ்சினைக்கூட அணைக்காமல் இறங்கி, வேலியோரத்து முள்மரத்தின் இலைகளைப் புரட்டிப் பார்க்கிறாள் டீலியா ஹெராட்டி. பின்னால் பால் லாரி வந்து நிற்கிறது. ஹாரன் சத்தம் இல்லை. மே மாதத்தில் இந்த ஏரிக்கரையில் அவளுக்கு ஹாரன் அடிக்கும் தைரியம் யாருக்கும் கிடையாது. ஓட்டுநர் தலையை நீட்டி, "என்னக்கா, இருக்கா?" என்று மட்டும் கேட்கிறான்.

"எங்க இருக்கு? கிழக்குக் காத்து இன்னும் விட மாட்டேங்குது," என்றபடி வண்டியில் ஏறுகிறாள்.

அவள் தேடுவது மேப் பூச்சியை. சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. கண்ணாடி மாதிரிச் சிறகு. இரண்டு வருடம் ஏரியடிச் சேற்றில் கிடந்துவிட்டு, மே மாதத்தில் ஏதோ ஒரு வெதுவெதுப்பான மதியம் ஆயிரம் ஆயிரமாக மேலே வரும். அதைத் தின்ன டிரவுட் மீன்கள் மேலே வரும். அந்த மீனைப் பிடிக்க டெரிவான் கிராமமே ஏரிக்குள் இறங்கிவிடும். மதுக்கடைக் கோல்மன், "பூச்சி கிளம்பிவிட்டது, நானும்தான்" என்று கதவில் அட்டை மாட்டுவார். பாதிரியார் பிரசங்கத்தை நாலு நிமிடத்தில் முடிப்பார். சவப்பெட்டி செய்கிறவர், அவசரமில்லாத ஆட்கள்தானே என்று சொல்லிவிட்டுத் தூண்டிலை எடுப்பார். பூச்சி வந்துவிட்டது என்று ஊருக்கு முதலில் சொல்வது மட்டும் டீலியாவின் வேலை. யாரும் நியமிக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டதுதான்.

வயது ஐம்பத்தொன்பது. ஒட்டகச் சிவிங்கி உயரம், சிவந்த காது, சீருடைக்குக் கீழே எப்போதும் ரப்பர் பூட்ஸ். முப்பத்தொரு வருடமாக ஏரியைச் சுற்றித் தபால் கொடுக்கிறாள். எந்த வீட்டுச் சாவி எந்தப் பூந்தொட்டிக்கு அடியில், எந்த வீட்டு நாய் சும்மா குரைக்கும், யார் வீட்டு ரொட்டியில் திராட்சை தாராளம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தேநீரை நின்றுகொண்டேதான் குடிப்பாள். உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக ஏரி தெரியாதாம்.

மே பிறந்துவிட்டால் கரையோர வீடுகளில் ஒட்டடை அடிக்கக் கூடாது என்பது அவள் சட்டம். இரவில் பறந்து வரும் முதல் பூச்சி சிலந்தி வலையில்தான் சிக்கும் என்பாள். படகுத்துறையை ஒட்டிய ஓட்டு வீட்டு மோரா ஹெஷனுக்கு இதில் தீராத கோபம்.

"என் வீட்டு ஒட்டடைக்கு உங்கிட்ட பெர்மிஷன் வாங்கணுமா டீலியா? சொந்தக்காரங்க வந்தா என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"மீன் வறுத்துக் குடு. ஒண்ணும் நெனக்க மாட்டாங்க."

இத்தனை கில்லாடி போன வருடம் சறுக்கினாள். பெரிய தபால் நிலையம் இருபது மைல் தள்ளி, இன்னொரு ஏரியின் கரையில் இருக்கிறது. அந்த ஏரியில் பூச்சி பத்து நாள் முந்தியே வரும். அங்கே பார்சல் எடுக்கப் போன வண்டியின் கண்ணாடியில் ஒன்று ஒட்டிக்கொண்டு டெரிவான்வரை வந்துவிட்டது. அதைப் பார்த்தவள் இலையைப் பார்க்கவில்லை, வலையைப் பார்க்கவில்லை. சந்தோஷம் தலைக்கேற, ஹாரனை அழுத்தியபடி ஊரைச் சுற்றி வந்தாள். கடைகள் மூடின. முப்பது படகுகள் ஏரியில் ஒரு வாரம் சும்மா மிதந்தன. இன்றைக்கும் கோல்மன் அவளைக் கண்டால், "கண்ணாடியத் தொடச்சிட்டியாம்மா?" என்பார். அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

சிரிக்க முடியாதது தம்பி ஃபெஸ்டியின் விஷயம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் பஸ் ஓட்டுகிறான். அப்பா விட்டுப்போன படகில் அக்கா துடுப்பு, தம்பி தூண்டில். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். ஒரு கை குறைந்தால் அந்தப் படகு நகராது. போன வருடம் அவள் பேச்சை நம்பி, கிடைத்த ஒரே வார விடுப்பில் ஓடி வந்தான். ஏழு நாளும் சமையலறையில் உட்கார்ந்து சீட்டாடிவிட்டு, "இனிமே நீ கூப்பிட்டா நான் வர மாட்டேன்க்கா" என்று கிளம்பினான். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வெறும் கையெழுத்து. அதன் பிறகு போன் இல்லை. இருந்தும் ஏப்ரலில் அவள் படகுக்குப் பச்சை வர்ணம் அடித்தாள். இரண்டு பேரும் உட்காரும் பலகைகளைத் தேய்த்து வைத்தாள்.

இந்த வியாழக்கிழமை காலையில் காற்று தென்மேற்குக்குத் திரும்பியது. அவளுக்கு அதற்குமேல் கடிதம் கையில் நிற்கவில்லை. ஒரு வீட்டுத் தபாலை அடுத்த வீட்டில் போட்டாள், திரும்பி ஓடி மாற்றினாள். மோரா வீட்டு வலையில் இரண்டு பூச்சிகள். முள்மரத்து இலைகளுக்கு அடியில் ஏழெட்டு. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. படகுத்துறைக்கு நடந்தாள்.

ஏரி கொதித்துக்கொண்டிருந்தது. நீரெங்கும் பூச்சிகள் சிறகு விரித்து எழும்பின. தகைவிலான் குருவிகள் தண்ணீரை உரசிப் பறந்தன, கடற்காகங்கள் கத்தித் தீர்த்தன, ஏரி நடுவிலிருக்கும் தீவுவரைக்கும் மீன்கள் வாய் பிளந்தன. டீலியா அழுதாள், அதோடு சிரிக்கவும் செய்தாள். ஹாரன் அடிக்க வண்டிக்கு ஓடவில்லை. போனை எடுத்தாள்.

"ஃபெஸ்டி, பூச்சி கிளம்பிடுச்சுடா."

"எந்த ஊர்ப் பூச்சிக்கா?" என்றான்.

"நம்ம ஏரிடா. நான் இங்கதான் நிக்கிறேன்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்ன."

அவள் பூட்ஸோடு நீரில் இறங்கினாள். முழங்காலளவு வந்ததும் கையை ஏரியின் பக்கம் நீட்டிப் போனைப் பிடித்தாள். சளப். தள்ளி இன்னொரு சளப். பிறகு மிக அருகில், கனமான மீன் ஒன்று.

போனுக்குள்ளிருந்து சின்னதாகக் குரல் வந்தது. "அக்கா... அது மூணு கிலோ இருக்கும்."

அவள் கையை இன்னும் தாழ்த்தினாள்.

"பெட்டி திங்கக்கிழமையிலேருந்து வாசல்லதான் இருக்கு. நாளைக்குக் காலைல ஃப்ளைட்." பிறகு, "போனை அங்கேருந்து எடுத்துடாத. இன்னும் கொஞ்சம் கேட்டுக்கிறேன்."

கரையில் மோரா என்னவோ கூவினாள். டீலியா திரும்பவில்லை. சட்டைக் கை முழுக்கப் பூச்சிகள் வந்து உட்கார்ந்தன. பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வலது கை வலித்தபோது இடது கையால் அதன் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, போனை இன்னும் ஒரு சாண் தள்ளி நீட்டினாள்.