பாக்கியம் அக்கா வாய் திறந்த நாள்

மத்தியானக் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றபோதுதான் போன் வந்தது. பாக்கியம் அக்காவின் மகள் தேவி. "அம்மா போயிட்டாங்க சித்தி" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னதும், முன்னால் நின்ற ஒருத்தி கூடையைக்கூட இறக்காமல், "பல்லு டாக்டர்கிட்டப் போகாதேன்னு அப்பவே சொன்னேன்" என்றாள். அழுகை வருவதற்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது.

கருமாதிக்கு அடிக்கும் நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லித் தேவி கேட்டாள். அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம் என்றெல்லாம் எனக்கு எழுத வராது. அக்கா கேட்டிருந்தால், "யாருடி இவ, எனக்குத் தெரியாத பொம்பள?" என்றிருப்பார். கலியாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த நாள் முதல் அவருக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து எடுத்தவள் நான். கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். படிக்கப்போவது நம் லயத்து ஆட்கள்தான். யாருக்காவது சுட்டால் சுடட்டும்.

அவர் பயந்தாங்கொள்ளி இல்லை. மேல்மலையில் குளவிக்கூடு கலைந்த அன்று நாம் எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி பாதையில் விழுந்து கிடந்தாள். அக்கா திரும்பிப் போய், இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவளைப் போர்த்தி இழுத்து வந்தார். முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. "எனக்கென்னடி, ஏற்கனவே பெரிய அழகியா?" என்று சிரித்தார். கங்காணியையும் அவர் விட்டுவைத்ததில்லை. இலை முற்றல் என்று குறை சொன்னவரை, "வாங்கய்யா, நீங்க ஒரு நாளைக்கு எடுத்துக் காட்டுங்க" என்று நிரைக்குள் இழுத்துவிட்டவர்.

அப்பேர்ப்பட்டவர் பல் டாக்டர் என்றால் நடுங்குவார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது டவுனிலிருந்து பல் பார்க்க வந்திருக்கிறார்கள். சிங்கள டாக்டர் முகத்துக்குக் கிட்டே குனிந்து, "கட்ட அரின்ன" என்றாராம். வாயைத் திற என்று அர்த்தம். இவருக்குக் காதில் விழுந்தது 'அரி' மட்டும்தான். வெங்காயம் அரிகிற மாதிரி வாயை அரியப்போகிறான் என்று நினைத்து, டாக்டர் விரலைக் கடித்துவிட்டுத் தேயிலைக்குள் ஓடி ஒளிந்துவிட்டார். இந்தக் கதையை அவர் நடித்தே காட்டுவார். நாம் வயிறு வலிக்கச் சிரிப்போம். பிற்பாடு கடைவீதி முதலாளிகளோடு சிங்களத்திலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். "பாசை வந்துருச்சு புள்ள, பயம்தான் போகல" என்பார்.

கடைவாய்ப் பல் வலி எடுத்தால் கன்னத்துக்குள் போயிலையை அதக்கிக்கொள்வார். மரத்துப்போகும். "இவன்தான் என் டாக்டர். ஊசியும் போட மாட்டான், திட்டவும் மாட்டான்" என்பார். பார்த்துப் பார்த்து நாமும் பழகினோம். கொஞ்ச காலத்தில் ரொட்டிக்குச் சம்பல் வேண்டாம், எரிகிறது என்றார். ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்தார். "அக்காவுக்கு நாகரிகம் வந்துருச்சு டோய்!" என்று கேலி செய்தோம். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பே பாதியில் நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

தேவியின் கலியாணத்தன்று மடித்த வெற்றிலைச் சுருள் அவர் வாய்க்குள் போகவில்லை. பல் வீங்கி வழியை மறிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். "புடுங்கிட்டாச் சரியாப் போயிரும். என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. பொகவந்தலாவையிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போகும்போது வளைவுக்கு வளைவு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அரிஞ்சாலும் பரவால்ல, நான் அசைய மாட்டேன்" என்றார்.

சொன்ன மாதிரியே அசையவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையைக்கூடப் பிடிக்க வேண்டாம் என்றுவிட்டார். சின்ன வயது டாக்டரம்மா. "கட்ட அரின்ன அம்மே" என்றார், மெதுவாகத்தான். மறுபடியும் சொன்னார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "பயம் வேணாம் அம்மா, பெரிசா தொறங்க" என்றார். வாங்குப் பலகையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, பல் இடுக்கு வழியாகச் சொன்னார்:

"தொறந்துதான் இருக்கேன்."

டாக்டரம்மா மூன்று விரலைச் சேர்த்து வாயில் வைத்துப் பார்த்தார். மூன்றும் போக வேண்டுமாம், ஒன்றுதான் போனது. சின்ன லைட் அடித்துக் கன்னத்துக்குள் பார்த்தார். பல்லைத் தொடவே இல்லை. கொழும்புக்குப் போக வேண்டும் என்றார். "பல்லு?" என்று கேட்டார் அக்கா. அந்தப் பிள்ளை கை கழுவப் போய்விட்டாள். ஒரு வாழ்நாள் பயத்தை விழுங்கிக்கொண்டு வந்த மனுஷிக்குப் பிடுங்க ஒரு பல்கூட இல்லாமல் போனது. அடப் பாவமே, இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல!

கொழும்பில் வாய்ப் புற்றுநோய் என்று தாடையில் பாதியை எடுத்தார்கள். அப்புறம் அக்காவின் பேச்சு எங்களுக்கு விளங்கவில்லை. கங்காணியை அடக்கிய அந்த வாய்க்குக் கடைசியில் கஞ்சிகூட இறங்கவில்லை.

செத்த வீட்டில் நீங்கள் பேசியது என் காதில் விழுந்தது. டாக்டர் கைவைத்ததால்தான் பரவியதாம், பேசாமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாராம். நடுவில் வெற்றிலைத் தட்டு. இதைச் சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு துண்டு போயிலையைக் கன்னத்தில் அதக்கினீர்கள், அக்காவின் பிணத்துக்குப் பக்கத்திலேயே. பல்லு டாக்டர் பல்லைத் தொடவே இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். தொட விடாமல் இருந்ததுதான் கொன்றது. எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? பழக்கத்தில் என் கையும் அந்தத் தட்டுக்குத்தான் போனது.

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அந்த நாற்காலியில் பார்த்த மூன்று விரல் சோதனைதான் எனக்கு மிஞ்சியது. செத்த வீட்டிலிருந்து வந்து பீலித் தண்ணீரில் முகம் கழுவும்போது என் வாயில் வைத்துப் பார்த்தேன். இரண்டு போனது. மூன்றாவது போகவில்லை. வருகிற புதன்கிழமை பல்லு கிளினிக். பயம் போகவில்லை. போகிறேன்.